சொல்லாமல் விட்ட பெயர்

நான்கு வருடங்களுக்கு முந்திய ஒரு மாரிகாலம். மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். வெள்ளம் வந்தால் கிராமங்களுக்குப் போய், பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பதிந்து வருவது என் வேலை. பதினேழு வருடம் அதைப் படிவத்தில் பேனையால் எழுதியே செய்தவன். வாவிக்கு மேற்கே எந்த ஊரில் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை முதலில் வெள்ளத்தில் தாழும் என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் பேப்பரை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு டெப், அதாவது தொடுதிரைக் கணினி, தந்தார்கள். மூன்று நாள் பயிற்சி. பின்வரிசையில் இருந்தேன், வரவுக்குக் கையெழுத்துப் போட்டேன், மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், சான்றிதழும் வாங்கினேன். கருவியை நான் தொட்டதே குறைவு.

அலுவலகத்தில் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி போடும் வேலைக்கு ஒரு பெண் இருந்தார். குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். இரண்டு பிள்ளைகளின் தாய். நான் மேசையில் எறிந்திருந்த பயிற்சிப் புத்தகத்தைக் காட்டி, “சேர், இத ரெண்டு நாளைக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டுத் தரட்டா?” என்று கேட்டார்.

“கொண்டுபோங்க. இனித் தேத்தண்ணி ஊத்துறதுக்கும் டெப் வேணுமாம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

அடுத்த மாதமே வெள்ளம். பழுகாமம் பக்கம் போய் முப்பத்தெட்டுக் குடும்பங்களைப் பதிந்துவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் காலை நிவாரணப் பட்டியல் வந்தபோது அதில் ஒரு குடும்பம்கூட இல்லை. ஊரிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

“அங்க சிக்னல் இல்ல சேர். கருவியிலதான் பிழை” என்றேன். அது பொய். என்ன பிழை என்றே எனக்குத் தெரியாது.

“பன்ரெண்டு மணி வரைக்கும்தான் டைம் தந்திருக்காங்க. அதுக்குப் பிறகு பட்டியல மூடிருவாங்க” என்றார் அவர்.

திரும்பப் போய்ப் பதிய நேரமில்லை. டெப்பை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி குசினிக்குள் போய் இருந்தேன். கண்டபடி தட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து, “ஒருக்காத் தாங்க சேர்” என்று வாங்கினார்.

இரண்டு மூன்று இடத்தில் தட்டினார். “எல்லாம் உள்ளுக்குத்தான் கிடக்கு. சேமிச்சிருக்கீங்க, அனுப்பல்ல. இந்தா, இத அமத்தோணும்.”

ஒவ்வொன்றாக முப்பத்தெட்டும் போய்ச் சேர்ந்தன. அப்போது பதினொன்றரை இருக்கும்.

முகாமையாளர் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் தட்டி, “அனுபவம் எண்டா இதுதான்” என்றார். அந்தப் பெண் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்திலேயே நின்றார். நான் சிரித்துக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சில மாதங்களில் நிதி குறைந்தது. ஆட்களைக் குறைத்தார்கள், நிறுத்தப்படுவோர் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரும் இருந்தது. அதே வாரம் முகாமையாளர் என்னிடம் கேட்டார்: “தரவு வேலைக்கு ஒரு ஆள் வேணும். வெளியில தேடாம நம்மட ஆக்களுக்குள்ளயே ஆராவது இருக்காங்களா?”

அந்தப் பெண்ணின் பெயர் வாய் வரைக்கும் வந்தது. அவர் அந்தக் கதிரையில் இருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். “அப்படி ஒருத்தரும் இல்ல சேர்” என்றேன். மாத முடிவில் அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் வந்து, “போயிட்டு வாறன் சேர்” என்றபோது நான் மேசையிலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

அடுத்த வருடம் என் வேலையும் போனது. மூன்று நேர்முகத் தேர்வுகள். மூன்றிலும் ஒரு கருவியை முன்னால் வைத்து, “செய்து காட்டுங்க” என்றார்கள். மூன்றிலும் வியர்த்துப்போய் எழுந்து வந்தேன்.

நான்காவது விண்ணப்பத்தை ஒன்லைனில்தான் அனுப்ப வேண்டும். குருக்கள்மடம் பிரதான வீதியில், கணினியில் படிவம் நிரப்பித் தரும் ஒரு தொடர்பாடல் நிலையத்துக்குள் ஏறினேன். கணினிக்கு முன்னால் அந்தப் பெண் இருந்தார். கடை அவருடையதுதான்.

“வாங்க சேர், இரிங்க” என்றார், நேற்றுத்தான் பார்த்தது போல. விவரங்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். ஒரு கட்டத்தில் விரல்கள் நின்றன.

“டெப்ல தரவு பதியத் தெரியும் எண்டு போடட்டா சேர்?”

அவர் குத்திக் கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“போடாதீங்க தங்கச்சி. எனக்குத் தெரியாது.” பிறகு, முகாமையாளர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “அந்த வேலை கிடைச்சிருந்தா அந்த வருசம் நான் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கத் தேவையில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு, “பின்னேரத்தில ஆக்கள் குறைவு. வந்தீங்கெண்டா பழகலாம்” என்றார்.

ஆறு வாரம் போனேன். இப்போது ஒரு விவசாயத் திட்டத்தில் வேலை செய்கிறேன். புதிதாக ஏதாவது வந்தால் முன்வரிசையில் போய் இருந்து, தெரியாததைத் தெரியாது என்று கேட்டுவிடுகிறேன். கருவியைப் பழக எனக்கு ஆறு வாரம் போதுமாக இருந்தது. அவர் என்னால் இழந்த அந்த ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.