வேலுக்குக் கீழே ஒரு கோடு

ஆறாம் வகுப்பில் எங்கள் டீச்சருக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ, ஐந்து தலைமுறையைச் சார்ட்டில் வரைந்து வரச் சொல்லிவிட்டார். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள். நாங்கள் கொல்லுப்பட்டறைக்காரர்கள். அய்யா, தாத்தா, பூட்டன். என்னையும் சேர்த்தால் நான்கு. ஐந்தாவதற்கு எங்கே போவது?

"அருவாளப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார் அய்யா. எங்கள் வீட்டில் அடித்த ஒவ்வோர் அரிவாளிலும் ஒரு வேல் முத்திரை இருக்கும். மகன் தனியாக அடிக்கத் தொடங்கும்போது வேலுக்கு மேல் ஒரு புள்ளி கூடும். பூட்டனுக்கு ஒன்று, தாத்தாவுக்கு இரண்டு, அய்யாவுக்கு மூன்று. புள்ளியே இல்லாத வேல் கிடைத்தால், வாங்கிய வீட்டில் அடித்தவர் பெயரையும் சொல்லிவிடுவார்கள் என்று அய்யா நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு நயினார்கோவில் பக்கம் வீடு வீடாகப் போனார். மூன்று வீட்டில் மோர்தான் கிடைத்தது. நான்காவது வீட்டுக்காரர் பரணிலிருந்து ஒரு சாக்கையே இறக்கிக் கொட்டினார். நாங்கள் தேடியது அதிலும் இல்லை. ஆனால் ஓர் அரிவாளில், இரண்டு புள்ளி வேலுக்குக் கீழே நெல் நீளத்துக்கு ஒரு கோடு வெட்டியிருந்தது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டேன். அய்யா அந்த அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெளம்புத்தா" என்றார், அவ்வளவுதான்.

மண்டபம் ஊரில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அய்யாவின் அக்கா, அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினேன்.

"அத்தை, எவனோ திருட்டுப்பய தாத்தா முத்திரையப் போட்டு அருவா வித்திருக்கான்!"

அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "பய இல்லத்தா. அந்தத் திருட்டுச் சிறுக்கி இங்கனதான் ஒக்காந்திருக்கேன்."

தாத்தா கை ஒடிந்து படுத்த வருஷம், கல்யாணமாகாத அத்தைதான் சம்மட்டியைத் தூக்கியிருக்கிறாள். பொம்பளை அடித்தது என்று தெரிந்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அத்தனையும் தாத்தா பெயரில்தான் போனது. அந்தக் கோட்டை மட்டும் யாருக்கும் சொல்லாமல் உளியால் வெட்டிவிட்டிருக்கிறாள். "அந்த வருசம் நாங்க கஞ்சி குடிச்சது அக்கா கையாலதான்" என்றார் அய்யா. துருத்தி ஊதியது அவராம்.

"ஏத்தா, ஒன் படத்துல ஒரு ஓரமா இந்தக் கோட்டயும் போட்டுவிடேன்" என்றாள் அத்தை, விளையாட்டுப்போல.

நானோ ஸ்கெட்ச் பேனாவால் கட்டமெல்லாம் போட்டு முடித்திருந்தேன். "கட்டிக் குடுத்துப் போனவுக வேற வீட்டு ஆளுக, அத்தை. டீச்சர் சொன்னாக" என்றேன். டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை. சார்ட் அசிங்கமாகிவிடுமே என்று நானாக அவிழ்த்துவிட்டது. ஐந்தாவது கட்டம் காலியாகத்தான் கிடந்தது, அது வேறு. இப்போது நினைத்தாலும் அந்த வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது. அய்யா ஏதோ சொல்ல வந்தார். அத்தை கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

"அதுவுஞ் சரிதான்" என்றவள், ஃபேன் காற்றில் சார்ட் பறக்காமல் இருக்க ஓரத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்கேலை வைத்துத் தாத்தாவிலிருந்து அய்யாவுக்குக் கோடு இழுத்தேன். கொஞ்சமும் வளையாமல் வந்திருக்கிறது என்று அத்தை மெச்சினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.