அப்பா சுவரைப் பார்த்து நின்ற ஆட்டம்

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் முட்டை பெரிய பிரச்சினையாகிவிட்டது. காரணம் வாலிபால்.

பெண்ணாடத்தில் எங்கள் பள்ளிக்கூட அணியில் நான் பின்வரிசை ஆள். குள்ளமாக இருந்ததால் வலைக்குப் பக்கத்தில் எனக்கு வேலை கிடையாது. எதிர் அணி அடிக்கிற பந்து தரையில் விழுவதற்குள் ஓடிப்போய் முன்னங்கையில் வாங்கி மேலே எழுப்பிவிட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். அந்த வருஷம் சிதம்பரத்தில் நடக்கிற போட்டியில் ஆட்டத்தைப் பார்த்து மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பி.டி. சார் சொன்னார். எடுத்துவிட்டால் கடலூரில் முகாம், புது ஷூ, முதுகில் பெயர் போட்ட ஜெர்சி. எங்கள் குடும்பத்தில் அதுவரை யார் பெயரும் ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் அச்சாகி வந்ததில்லை. எனக்கு அந்த ஜெர்சி கனவில்கூட வந்தது.

போட்டிக்கு முன்னால் சார் பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார். எல்லார் வீட்டுக்கும் சொல்லி அனுப்பியும் வந்தது என் அப்பாவும், எங்கள் அணிக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிற பையனின் அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மாவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். ஆக, சார் தயார் செய்து வைத்திருந்த மொத்தப் பேச்சும் அப்பா ஒருவர் மேலேயே இறங்கியது.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அதனால் வாத்தியார் வாயிலிருந்து வருகிற எதுவும் அவருக்கு யோசனை கிடையாது, உத்தரவு. விளையாடுகிற பிள்ளைக்கு முட்டை கொடுங்கள் என்றார் சார். நன்றாகத் தூங்க விடுங்கள், விரலுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசியாக, ஒரு தடவையாவது வந்து பிள்ளை ஆடுவதைப் பாருங்கள், நீங்கள் வந்து நிற்பதே அவனுக்குப் பலம் என்றார். அப்பா வீட்டுக்கு வரும்போதே கையில் முட்டை அட்டையோடு வந்தார்.

அன்றிலிருந்து காலையில் முட்டை, மாலையில் முட்டை. என் ஏப்பம் எனக்கே பிடிக்காமல் போயிற்று. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் படுக்கச் சொன்னார்கள். தூக்கம் வராமல் புரண்டால், பக்கத்து வீட்டு டிவிதான் காரணம் என்று அப்பா போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வருவார். விரல் விஷயம்தான் இன்னும் மோசம். தேங்காய் துருவக் கூடாது, அரிவாளைத் தொடக் கூடாது, மாட்டைப் பிடித்துக் கட்டக் கூடாது. அந்த வேலையெல்லாம் அக்கா தலையில் விழுந்தது.

"அவன் கையி என்னா கண்ணாடியாம்மா? பேசாம தொடச்சி பீரோக்குள்ள வச்சிப் பூட்டிடு" என்றாள் அக்கா.

"சார் சொல்லியிருக்காரு" என்றார் அப்பா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

அப்பாவுக்குச் சர்க்கரை ஆலை யார்டில் வேலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது, கரும்பு மறைக்கும். அப்பா பின்னால் நின்றுகொண்டு குரல் கொடுத்துக் கொடுத்தே வண்டியைப் பின்னுக்கு எடுக்கவைத்து, இறக்குகிற இடத்தில் நிறுத்துவார். "வா... வா... வா... ரைட்டுல ஒடி... ஆங், வரட்டும் வரட்டும்... ஹோல்டான்!" இரண்டு இன்ஜின் உறுமினாலும் அதற்கு மேலே கேட்கிற குரல். வேலை முடிந்தாலும் அந்தக் குரலைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. நான் சைக்கிள் பழகியது அதில்தான். வீட்டில் பீரோவை நகர்த்தினாலும் அப்படித்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில், பெஞ்சைப் பார்க்காமல் உட்காரப்போன சம்பந்தியை அப்பா ஹோல்டான் சொல்லி நிறுத்தியிருக்கிறார், அவரும் அரைக்குந்தலில் அப்படியே நின்றார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அரவைக் காலத்தில் லீவு கேட்பது பெரிய காரியம். அப்பா கேட்டு வாங்கினார். போட்டி நாளன்று விடியற்காலையிலேயே எங்கள் அணியோடு பஸ் ஏறிவிட்டார். இருந்ததில் நல்ல சட்டை ஆலையில் கொடுத்த காக்கிச் சட்டைதான் என்பதால் அதையே இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். சிதம்பரத்தில் இறங்கியதும் டிக்கெட்டுக்கு மீதிச் சில்லறை எங்கே என்று ஒருவர் அவரிடம் கேட்டார்.

எங்களுக்கு எதிராக வந்தது கடலூர் அணி. செம்மண்டலம் பக்கத்துப் பையன்கள். எல்லார் காலிலும் ஒரே நிறத்தில் ஷூ. அவர்களுடைய அப்பா அம்மாக்கள் காரில் வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, வெள்ளரிக்காய் டப்பா எல்லாம் வந்திருந்தன. ஒருவர் மொபைலை ஸ்டாண்டில் நிறுத்தித் தன் பையனை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா இவர்களுக்கு நடுவில் நிற்கக் கூச்சப்பட்டு, எங்கள் பக்கக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், காம்பவுண்ட் சுவர் ஓரமாகப் போய் நின்றார். அங்கே ஒரு கடலைக்காரர் கூடையை இறக்கி வைத்திருந்தார்.

முதல் செட் ஆரம்பித்தது. அவர்களில் பனைமரம் மாதிரி ஒருவன் சர்வீஸ் போட்டான். பந்து வருவது தெரிகிறது, நான்தான் போகவில்லை. ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். தேர்வு செய்கிறவர் மேஜையில் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அது என்னைப் பற்றித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த சர்வீஸ் உயரமாக வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "வா... வா... வா..."

என் மூளை ஒன்றும் செய்யவில்லை. கால்கள் தாமாகவே பின்னுக்குப் போயின. "வரட்டும் வரட்டும்... ஹோல்டான்!" நின்றேன். பந்து என் தலைக்கு மேலே போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. எங்களுக்குப் பாயிண்ட்.

அதற்குப் பிறகு நான் டிராக்டர்தான். லெஃப்டில் ஒடி என்றால் ஒடித்தேன், வா என்றால் போனேன், ஹோல்டான் என்றால் நின்றேன். பந்துகள் நேராக என் கையில் வந்து விழுந்தன. சுற்றி நின்றவர்களுக்குக் குஷி வந்துவிட்டது. உள்ளூர்ப் பையன்கள் கூட்டாகவே வா வா என்று கத்தத் தொடங்கினார்கள். அந்த செட்டை நாங்கள் ஜெயித்தோம்.

கடலூர்க்காரர்களின் கோச் அம்பயரிடம் போனார். வெளியிலிருந்து ஆள் வைத்து விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது புகார். அவர்கள் பக்கத்தில் மொபைல் ஸ்டாண்டுக்காரர் முதல் பந்திலிருந்தே "ஃபோகஸ், ஃபோகஸ், மூவ் யுவர் ஃபீட்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது இங்கிலீஷ் என்பதால் ஊக்கம் என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது போல. அம்பயர் எங்கள் சாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். சார் வேர்க்க விறுவிறுக்க அப்பாவிடம் ஓடினார்.

"அண்ணே, இனிமே வாயத் தொறக்காதீங்க. தொறந்தீங்கன்னா பையன வெளிய உக்கார வச்சிருவாங்க. செலக்‌ஷனும் பூடும்."

அப்பா உடனே தோளில் கிடந்த துண்டின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

வாய்க்குத்தான் துண்டு. கைக்கு என்ன செய்வது? ஆலையில் சத்தம் ஜாஸ்தியாகிக் குரல் எடுபடாதபோது கையால்தான் வண்டியை நகர்த்துவார்கள். இரண்டாவது செட்டுக்கு நாங்கள் பக்கம் மாறி எதிர்ப்புறம் போய்விட்டோம். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். ஆக இப்போது வலைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக அவர். பந்து மேலே எழும்பியதும், பின்னால் போ என்கிற அர்த்தத்தில் இரண்டு கையாலும் தன்னைப் பார்த்து வீசி வீசிக் கூப்பிட்டார். வண்டிக்குப் பின்னால் நிற்கும்வரை அதற்கு அர்த்தம் அதுதான். எதிரே நின்று கூப்பிட்டால் என்ன அர்த்தம்? நான் முன்னால் ஓடினேன். பந்து நான் கிளம்பிய இடத்தில் விழுந்தது. அடுத்த தடவை இன்னும் வேகமாகக் கூப்பிட்டார், இன்னும் வேகமாக ஓடினேன். போய் எங்கள் பந்து தூக்கிக் கொடுக்கிற பையன் மேல் மோதி, இரண்டு பேரும் வலையில் மீன் மாதிரி மாட்டிக்கொண்டு கிடந்தோம்.

"டேய், ஒங்கப்பா நம்மளயெல்லாம் ஊருக்குக் கூட்டினு போவக் கூப்புடுறாராடா?" என்றான் அவன், மூக்கைத் தடவிக்கொண்டே.

அந்த செட் போயிற்று. அம்பயர் இந்த முறை சாரிடம் பேசவே இல்லை, விரலை மட்டும் நீட்டி அப்பாவைக் காட்டினார். சார் மறுபடி ஓடினார். போன தடவை போல மிரட்டவில்லை, கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"அண்ணே, ஒங்களப் பாத்தா அவன் ஆட்டத்தப் பாக்க மாட்டேங்கிறான். நான் சொல்ற வரைக்கும் அந்தாண்ட திரும்பி நின்னுக்கங்க. சத்தியமா திரும்பக் கூடாது."

"நின்னுக்கிறேன் சார்" என்று அப்பா உடனே திரும்பிவிட்டார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சுண்ணாம்பு உதிர்ந்த காம்பவுண்ட் சுவர்தான். தண்டனை வாங்கிய பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்து நின்றார். மைதானத்தில் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாவது செட் சின்னது, பாதியில் பக்கம் மாற வேண்டும். மாறியபோது நான் மறுபடி அப்பா பக்கத்துக்கு வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் காக்கி முதுகு. ஆனால் அதிலிருந்து சத்தம் வராது, சைகை வராது. எனக்குத் திடீரென்று யாரோ ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போன மாதிரி இருந்தது. கடலைக்காரர் மட்டும் அப்பாவுக்கு நடப்பதை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு வாலிபால் தெரியாது, கபடிதான் தெரியும்.

"ஒங்க புள்ள தொட்டுட்டான்... தப்பிச்சி வந்துட்டான்... ஒரு ஆளு அவுட்டு."

"எங்க புள்ளையா அவுட்டு?"

"தெரியலீங்க. ஆனா எல்லாரும் நிக்கிறாங்க."

எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒட்டியே போய்க் கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு பாயிண்ட் தேவை என்று வந்து நின்றது. பனைமரம் சர்வீஸ் போட்டான். பந்து உயரமாக எழும்பி, வெயிலில் ஒரு நொடி காணாமல் போய், என்னைத் தாண்டிப் போகிற மாதிரி வந்தது. வெளியே விழுமா, உள்ளே விழுமா? என் காது பின்னால் போய்க் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்த அந்த நொடியில் நானே பின்னால் ஓடினேன். உள்ளேதான் என்று எனக்கே தோன்றியது. மண்ணில் விழுந்து ஒரு கையை மட்டும் நீட்டினேன். பந்து மணிக்கட்டில் பட்டு மேலே எழும்பியது. மூக்கு வீங்கியவன் அதைத் தூக்கிக் கொடுத்தான், எங்கள் உயரமான பையன் அடித்தான். ஜெயித்துவிட்டோம்.

எல்லாரும் என்னைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மேஜையிலிருந்தவர் மைக்கில் மாவட்ட அணிப் பெயர்களைப் படித்தார். என் பெயரும் இருந்தது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றார். சார் சொல்கிற வரை என்றுதானே பேச்சு. சார் சந்தோஷத்தில் சொல்ல மறந்துவிட்டார். எனக்கோ அவமானமாக இருந்தது. பெற்ற பிள்ளை பெயரை மைக்கில் படிக்கிறார்கள், திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன் உண்டா?

சாருக்கு ஞாபகம் வந்து ஓடிப்போய்த் தோளைத் தொட்டார். "அண்ணே, திரும்புங்க."

"முடிஞ்சிடுச்சா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். கழுத்தைப் பிடித்து நீவிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். புவனகிரி தாண்டியதும், அந்தக் கடைசிப் பந்து எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன். சேத்தியாத்தோப்பில் மறுபடி கேட்டார், கையை எப்படி நீட்டினாய், எந்தக் கையை என்று. மறுபடி சொன்னேன். விருத்தாசலத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும், அப்போது வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஒரு பந்து, அதை எத்தனை தடவை சொன்னாலும் இவருக்கு விளங்க மாட்டேன் என்கிறதே என்று நினைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக முதலிலிருந்து சொன்னேன். அவன் சர்வீஸ் போட்டான், பந்து மேலே போயிற்று, வெயிலில் மறைந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் போல என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லுடா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "பந்து இன்னும் மேலதான நிக்குது."

ஆட்டம் முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. மனுஷனுக்கு அதுகூடப் புரியவில்லை என்று நினைத்தேன்.