மில் பேர் மட்டும்

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். மூடிப்போன ஒரு மில்லில் டைப்பிஸ்டாக இருந்தவர். வெளுத்த முழுக்கைச் சட்டை. வேலை கேட்டு எழுதிய கடிதம் ஒன்று எப்போதும் பையில் நாலாக மடித்து இருக்கும்.

எழுத்துக்கு நிறம் போடுவது, படம் ஒட்டுவது என்று பாடத்தை ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

“ஏனுங்க, அதெல்லாம் வேண்டாமுங்க. இந்த லெட்டர்ல மில்லு பேரை மட்டும் மாத்தோணும். மத்தது அசையாம இருக்கோணும். அது போதுங்க.”

அதுதான் அவருக்கு வரவில்லை. டைப்ரைட்டர் பழக்கத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டிவிடுவார். கொஞ்சம் நீளமான மில் பெயரைப் போட்டால் வரிகள் உடைந்து தாறுமாறாக நிற்கும். முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து அடிப்பார்.

“வரி முடிஞ்சா அதுவே கீழ போயிருமுங்க,” என்பேன்.

“நாம தள்ளாம அது எப்படிங்க போகும்?”

மூன்றாவது வாரம் அவர் விரல் என்டர் பக்கம் போகவில்லை. கடிதம் கச்சிதமாக வந்திருந்தது. மில் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலி.

“இனி எந்தப் பேரு வேணாலும் போடலாமுங்க. அடிங்க,” என்றேன்.

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு மில் பெயர்கள். எல்லாவற்றின் மேலும் கோடு.

“கடைசியா இருந்ததையும் போன வாரம் பூட்டிப்போட்டாங்க. நீங்க சேவ் பண்ணி வையுங்க. நான் வாரேனுங்க.”

அவர் போன பிறகு சேவ் கொடுத்தேன். ஃபைலுக்கு என்ன பேர் என்று கம்ப்யூட்டர் கேட்டது.