நாற்பது பலகைகளின் சிவப்புப் புள்ளி

நான் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. சித்தி தொழிற்சாலைக் கோட்டை மாட்டிக்கொண்டே, காலை அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தாள். என் டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “முத்திரை மங்கலா இருக்கே. உண்மையான டிக்கெட்தானா?” என்றாள். அதுதான் சித்தி. எடை போடுபவனை மட்டுமல்ல, தராசையும் நம்பமாட்டாள்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர்கள் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் சோதனை மேசையில் இருந்தவள். பெரிய பாகங்களைக் கையால் சால்டர் செய்து, அதாவது ஈயம் உருக்கி ஒட்டி முடித்ததும் மின்சுற்றுப் பலகை அவளிடம் வரும். ஒவ்வோர் இணைப்பையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு புள்ளி. புள்ளி இல்லாத பலகை பெட்டிக்குள் போகாது.

ஐந்து வருடம் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது சித்திக்கு வேலை இல்லை. நான் போன சில மாதங்களில் முப்பது சொச்சம் பெட்டிகள் பழுதாகித் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் அவள் மேசைப் புள்ளி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“பாக்காம புள்ளி வைக்கிறவளா நான்? பக்கத்து மேசைக்காரி என் சாயத்தை எடுத்துப் புள்ளி வெச்சிருக்கா. பாட்டில் இடம் மாறி இருந்துச்சு” என்பது சித்தியின் கட்சி. பத்து வருடமாகக் கூடவே சாப்பிட்டு, கூடவே பஸ் ஏறிய தோழி அவள். மேலாளர் அறையில் எல்லார் முன்னாலும் சித்தி அவளைத் திருடி என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

பழுதான பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் நிரூபித்துவிடலாம் என்று பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டே இருந்தாள். என்மேலும் சந்தேகம்.

“உங்கம்மாதானே உன்ன அனுப்பினா, இவ கிறுக்கத் தெளிய வைன்னு?”

“அம்மா சொன்னத நான் என்னைக்குக் கேட்டிருக்கேன் சித்தி?”

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

எனக்கோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நானும் கடை கடையாக அலைந்தேன். மூன்றாவது வாரம் ஒரு பெட்டி கிடைத்தது. வேலைநீக்கக் கடிதத்தில் இருந்த பழுதான பெட்டிகளின் எண்களில் ஒன்று, பின்தகட்டில் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் பாட்டே வராதாம்.

ஜன்னலோர மேசையில் வைத்துத் திறந்தாள். “இதுக்கு முன்னாடி யாரும் தொறக்கல. திருகு தேயல பாரு.” உள்ளே டார்ச் அடித்தாள். “டிரான்ஸ்ஃபார்மர் நல்லதுதான். ஒயரைக் கட்டியிருக்கிற ஒழுங்கு, இது எங்ககூட வேலை பாத்த குள்ள அண்ணன் கை. கம்பெனி காசு மிச்சம் பிடிச்சிருந்தா இங்கதான் முதல்ல தெரியும். பிடிக்கல.” பலகையைக் கழற்றித் திருப்பினாள். லென்ஸ் ஓரிடத்தில் நின்றது.

மற்ற இணைப்புகள் பளபளவென்று குவிந்திருந்தன. அது மட்டும் சாம்பல் பூத்து, நடுவில் மயிரிழை விரிசலோடு இருந்தது. சூடு பத்தாமல் அவசரத்தில் வைத்த சால்டர். பக்கத்தில் சிவப்புப் புள்ளி. புள்ளியின் மேல் ஒரு துளி சால்டர் தெறித்து, சாயம் கருகியிருந்தது.

“சித்தி, சால்டர் சாயத்துக்கு மேல இருக்கு. அப்போ வேலை முடியறதுக்கு முன்னாடியே புள்ளி வெச்சாச்சு. மாட்டிக்கிட்டா உங்க தோழி.”

சித்தி கருகிய சாயத்தை நகத்தால் சுரண்டினாள். எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்தது அப்போதுதான்.

“என்ன மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“சித்தி.”

லென்ஸை மடக்கி வைத்தாள். “நீ கிளம்பினதுக்கு முந்தின நாள், நாப்பது வெறும் பலகைக்கு நான்தான் புள்ளி வெச்சு வெச்சேன். மறுநாள் பர்மிஷன். வந்து பாக்க மட்டும் பாத்துக்கலாம், கை வேலையாவது குறையும்னு. எல்லாரும் செய்றதுதான். மத்தியானம் வந்தா ரேக் காலி. ‘நான் பாத்து அனுப்பிட்டேன்’னா அவ. உன்ன பஸ் ஏத்திட்டு வந்த மனசு, சரின்னுட்டேன். அதனாலதான் கெட்டுப்போனது வேற பெட்டிங்கன்னு நெனச்சேன்.”

“ஊரையே சந்தேகப்பட்டீங்களே.”

“என்னத் தவிர” என்றாள்.

அன்று மத்தியானமே தோழிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். மூன்று தாள் கிழிந்தது.

“தப்பு என்னோடதுன்னு போடவா, என்னோடதும்தான்னு போடவா?”

“எது உண்மை?”

“அவ நெஜமா பாத்தாளான்னு தெரிஞ்சாதானே சொல்ல முடியும்.”

கடைசியில், புள்ளி தான் வைத்ததுதான், திருடி என்றது தவறு என்று மட்டும் எழுதி, கீழே என் கைபேசி எண்ணைப் போட்டாள். பதில் வரவில்லை. தபால்காரரைச் சந்தேகப்பட்டாள். பிறகு நான் கடிதத்தைத் தபாலில் போட்டேனா என்று கேட்டாள். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஏழு மாதம் கழித்து என் கைபேசிக்குத் தோழியின் செய்தி வந்தது:

“நீ எழுதினத நாலு தடவை படிச்சேன். மன்னிப்புக் கேக்குற ஆள் நீ இல்ல. யார் சொல்லி எழுதின? அந்த நாப்பதையும் நான் பாக்கல. பெட்டி கட்டறவங்க அவசரப்படுத்தினாங்க, பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். இத யார்கிட்டயும் காட்டாத. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பேன். தனியா வா.”