கேப்டனும் சூட்டுக்காற்றும்

அந்தச் சிறிய விமானத்தின் முகப்புப் பலகையில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். கட்டைவிரல் பருமன். இழுத்தால் இரண்டு அங்குலம் வெளியே வரும். அதன் பின்னால் ஓடும் கம்பி, இன்ஜினுக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கதவைத் திருப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. கேப்டனை நினைத்தால் எனக்கு அவர் முகம் வருவதில்லை; அந்தக் குமிழைப் பிடித்திருந்த கைதான் வருகிறது. முகம் வராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

சமவெளியில் இருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் அவர் தலைமை விமானி, நான் மெக்கானிக். அவருக்கு என்னைப் பிடிக்காது, எனக்கு அவரைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் முழு உடன்பாடு. அவர் கணியம்பாடிப் பக்கத்துக்காரர். நான் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கி வந்தவன் என்பதால், பேர் வைத்த பெற்றோரின் சிரமத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் ‘மலை’ என்றே கூப்பிடுவார். “இன்னா மலை, முடிச்சிட்டியா? இல்ல, இன்ஜினுக்குப் பேன் பாக்குறியா?” என்பார். நான் எழுந்த நாற்காலியை நாளிதழால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். கிரீஸுக்காகவாம். நானும் சும்மா இருந்தவன் இல்லை. அவர் நடையை விமானக் கொட்டகையில் எல்லோருக்கும் நடித்துக் காட்டுவேன். ஒருநாள் யாருமே சிரிக்கவில்லையே என்று திரும்பினால், பின்னாலேயே நின்றிருந்தார்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பழுது பார்த்து முடித்த விமானம் முதல்முறை மேலே போகும்போது, கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கும் உள்ளே உட்கார வேண்டும். எனக்கோ ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். விமானம் தரையில் நிற்கும்வரைதான் எனக்கு அதன்மேல் பாசம்.

அது ஐப்பசி. நாலு நாள் மழை விட்ட காலை, ஒரு விமானத்தைப் பழுது பார்த்து முடித்திருந்தேன். அந்தக் கறுப்புக் குமிழை இழுத்துவிட்டு, கீழே படுத்து டார்ச் அடித்து, தகரக் கதவு முழுக்கத் திரும்புகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நான் குமிழை மட்டும் இழுத்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று கை சொன்னது. தரை முழுக்க ஈரம். போதாததற்கு அவர் கொட்டகை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் ஜவ்வாது மலைக்கு மேலே இருந்தோம். மேகம் துண்டு துண்டாகக் கிடந்தது. இன்ஜினின் சுற்றைக் காட்டும் முள் இறங்க ஆரம்பித்தது. மெதுவாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நழுவுவதுபோல.

இன்ஜின் காற்றைக் குடித்துத்தான் பிழைக்கிறது. விமானத்தின் மூக்கில் உள்ள வடிகட்டி வழியாக நுழையும் காற்று, கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் வேகம் பிடிக்கும். அங்கே பெட்ரோல் ஆவியாகி அதோடு கலக்கும். ஆவியாகும் எதுவும் பக்கத்தில் இருக்கும் சூட்டைத் திருடிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் கழுத்திலேயே பனிக்கட்டியாகி ஒட்டிக்கொண்டால், இன்ஜினுக்கு மூச்சு அடைக்கும். வெளியே நமக்கு ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாது. உள்ளே பனி பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மருந்து அந்தக் குமிழ். இழுத்தால் தகரக் கதவு திரும்பிக் குளிர்ந்த காற்றை மறித்துவிட்டு, புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் சூட்டுக்காற்றை உள்ளே விடும். பனி உருகும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்து என்ன பயன்? நான் பார்க்காத கதவு அது.

கேப்டன் குமிழை இழுத்தார். இன்ஜின் தேறவில்லை. இருமியது, குலுங்கியது, முள் இன்னும் கீழே விழுந்தது. உருகிய பனி தண்ணீராக இன்ஜினுக்குள் போகும்போது முதலில் அப்படித்தான் மோசமாகும், பிறகுதான் சரியாகும். இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன், எட்டிப் பாய்ந்து குமிழை மறுபடி உள்ளே தள்ளினேன். புறங்கையில் ஓர் அடி விழுந்தது. அவர் குமிழைத் திரும்ப இழுத்து, முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டார். நான் சீட்டுக்கு அடியில் இருந்த தீயணைப்பு உருளையை எடுத்துக் கைக்குழந்தையைப் போல மடியில் அணைத்துக்கொண்டேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

“கீழ உங்க ஊருதானேய்யா? எங்க எறக்கலாம், சொல்லு.”

எட்டிப் பார்த்தேன். பாறை, புளியமரம், பாறை. நடுவே சாமை அறுத்து முடித்த நீளமான நிலம் ஒன்றே ஒன்று. “சார், அது மட்டும் வேணாம் சார். அது எங்க மச்சான் நெலம். மூணு வருசமா பேச்சுவார்த்தை இல்ல.”

“வுழுறதுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா உன்னை?”

இன்ஜின் இன்னொரு முறை இருமியது. அதோடு என் வாய் என் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டது. “நான் பாக்கல சார்! கதவைப் பாக்கவே இல்ல! பாக்காமதான் கையெழுத்துப் போட்டேன்!”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அரை நிமிடம் போயிருக்கும். ஒரு கடைசிச் செருமல். பிறகு இன்ஜின் தொண்டை சரியான பாடகரைப் போலச் சீராகப் பாட ஆரம்பித்தது. முள் ஏறியது. மச்சான் நிலம் இறக்கைக்குக் கீழே நழுவிப் பின்னால் போனது.

பள்ளிக்குத் திரும்பி இறங்கினோம். தரையில் இன்ஜினை அணைத்த பிறகு கேட்டார்: “மேல கத்துனத இப்ப கீழ சொல்லு.”

“இன்னா சார் கத்துனேன்? மச்சானத் திட்டுனேன்.”

சூடு தணியும் இன்ஜின் டிக் டிக் என்றது. பொய் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. மடியில் உருளை இருக்கும்போது அது வெளியே வர மறுத்தது. “கதவை நான் பாக்கலங்க சார்” என்றேன்.

“கெளம்புறதுக்கு முன்னாடி தரையிலயே இழுத்துப் பாத்தேன். சூட்டுக்காத்து உள்ள போனா சுத்து கொஞ்சம் எறங்கணும், எறங்குச்சு. கதவு வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும். நீ பாக்கலன்றதுதான் தெரியாது. இப்ப அதுவும் தெரிஞ்சிபோச்சி.”

கிளம்புவதற்கு முன் அவர் இழுத்தது என் கண்முன்தான் நடந்திருக்க வேண்டும். நான் அப்போது இடுப்புப் பெல்ட்டை மூன்றாம் முறையாக இறுக்கிக்கொண்டிருந்தேன்.

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவித் தன் பையில் செருகிக்கொண்டு நடந்தார். ஆறு மாதம் நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வேலை என்னுடையது, கையெழுத்து இன்னொருவனுடையது. சாப்பாட்டு வேளையில் சிரிப்பு எல்லோருடையது. அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்காகவும் அவர்மேல்தான் கோபம் வருகிறது.

இப்போது வேறொரு ஊரில், வேறொரு பள்ளியில் வேலை. தொப்பை போட்டுவிட்டது, கீழே படுத்து எழுந்தால் முழங்கால் முனகுகிறது. ஆனாலும் ஒவ்வொரு விமானத்துக்கும் படுக்கிறேன், அவரை முழுப்பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே. டார்ச் வெளிச்சத்தில் கதவு முழுக்கத் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திட்டுவதை நிறுத்துவேன். அதன்பிறகு எழுந்து, கையைத் துடைத்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேனா இரவல் கேட்பேன். பையில் பேனா வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.