எமரால்டு முகாமில் தொரசாணி கேட்ட கேள்வி

உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? எமரால்டு போனாயாமே, என்ன பார்த்தாய், எப்படி இருந்தது என்று ஆள் மாற்றி ஆள் வந்து குடைகிறீர்கள். ஊட்டிக்குப் போனவளிடம் பூங்காவைப் பற்றிக் கேட்கலாம், வர்க்கி வாங்கி வந்தாயா என்று கேட்கலாம். அகதி முகாமுக்குப் போய் வந்தவளிடம் கேட்க என்ன இருக்கிறது? பஸ் ஏறிப் போய்ப் பார்க்க உங்களுக்குக் கால் இல்லையா? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். சொல்கிறேன். நடுவில் யாராவது "ஐயோ பாவம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் சிலோன்காரி. மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதுதான் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீட்டில், பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தபோது நான் இந்தியாவின் பங்குக்கு வந்தேன். கையில் ஒரு பாஸ்போர்ட்டைக் கொடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். அப்போதிலிருந்து கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்து, பல்லெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறேன். என் தங்கை குடும்பத்தை எந்தப் பங்கிலும் சேர்க்கவில்லை. கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, வவுனியாப் பக்கம் காடு திருத்தி ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். தங்கை அங்கேயே செத்தாள். சண்டை வந்தபோது அவள் புருஷன் முத்தையாவும், மகள் பாக்கியமும், பாக்கியத்தின் கைக்குழந்தையும் தோணியில் தப்பி வந்தார்கள். பாக்கியத்தின் புருஷனை வரும் வழியிலேயே சுட்டுவிட்டார்கள். மூன்று பேரையும் எமரால்டுக்கு மேலே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் கேரட் லாரி டிரைவர் ஒருவரிடம் பாக்கியம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். வெளிநாட்டு உதவிக்காரர்களிடமிருந்து ஒரு அம்மா வந்து, ஊருக்குத் திரும்பிப் போகச் சம்மதமா என்று கேட்டாராம். அப்பா சம்மதம் என்று சொல்லிவிட்டாராம். வியாழக்கிழமை மறுபடி வந்து கடைசியாகக் கேட்பாராம். வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் வீட்டுக்கே முடிவாம். சண்டை ஓயாத இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவேன், பெரியம்மா வந்து எதையாவது செய்து நிறுத்துங்கள் என்றிருந்தாள். "எதையாவது செய்து" என்றால் பெரியம்மா பொய்யோ தந்திரமோ எதைச் செய்தாலும் சரி என்று அர்த்தம், எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வியாழன் விடியக் கிளம்பினேன். கோத்தகிரியிலிருந்து ஊட்டி முப்பது கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். ஆடி மாதம். எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. கண்டக்டர் சின்னப் பையன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என் பையைப் பார்த்தான்.

"ஏனுங் அம்மிச்சி, காலங்காத்தால டூருங்களா?"

"ஆமாப்பா, தேனிலவு. மாப்பிள்ளை பின்னால பஸ்ஸுல வாராரு."

பஸ்ஸே சிரித்தது. தொட்டபெட்டா முக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு பனிமூட்டம் உள்ளே வந்து எல்லோர் வாயையும் மூடிவிட்டது.

ஊட்டி பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு எமரால்டு பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர்தான், ஆனால் அது வேறு தேசம். முத்தோரை பாலாடாவில் பெண்கள் முழங்கால்வரை தண்ணீரில் நின்று கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவிய கேரட் மட்டும்தான் அந்த வழியில் நான் பார்த்த ஒரே வெளிச்சமான பொருள். இத்தலார் தாண்டியதும் மழை பிடித்தது. அது எங்கள் ஊர் மழை மாதிரிப் பெய்துவிட்டுப் போகிற மழை இல்லை. குடியிருக்க வந்த மழை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த படுகர் வீட்டு அம்மா, அவலாஞ்சிப் பக்கம் இதைவிட மோசம் என்று ஆறுதல் சொன்னார். எமரால்டில் இறங்கி, மேட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

முகாம் என்பது எமரால்டு அணை கட்டிய காலத்தில் வேலைக்காரர்களுக்குப் போட்ட தகரக் கொட்டகைகள். நீளமாக, வரிசையாக, எங்கள் பழைய லயம் மாதிரியே இருந்தன. வாசலில் காவலுக்கு நின்றவர், வெளிநாட்டு அம்மா வந்திருக்கிறார், அவர் போனபிறகுதான் பார்வையாளர்களை விடுவோம் என்றார். அவர் போனபிறகு நான் உள்ளே போய் என்ன, பாயாசம் குடிக்கவா? குழாயடியில் முகாம் பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம், குடத்தைக் கொடு தாயி, நான் தூக்கி வாரேன் என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன். காவல்காரர் என்னைப் பார்த்தார். குடம் சுமக்கிற கிழவியை யார் நிறுத்துவார்கள்?

உள்ளே வெளிநாட்டு உதவி நிறையவே வந்திருந்தது. பொய் சொல்லக் கூடாது. கூரை ஓட்டைக்கு நீலத் தார்ப்பாய், ஆளுக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளி, பால் மாவு டின். அதோடு வீட்டுக்கு இரண்டு கொசுவலை. எமரால்டு குளிரில் கொசு என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. பெண்கள் அதைக் குச்சி நட்டுக் கட்டி, பீன்ஸ் கொடியை ஏற்றியிருந்தார்கள். கொடியும் மழையில் அழுகிக்கொண்டிருந்தது.

பாக்கியம் என்னைப் பார்த்ததும் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு அழுதாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. இவளுக்கும் ஒழுகியது. யாரை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை. அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லலாமே என்றேன். அப்பாவை எதிர்த்து எப்படிச் சொல்வது என்றாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கொட்டகையிலிருந்து குமாஸ்தா பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. பெயர் காதில் விழுந்ததும் முத்தையா எழுந்தான். செருப்பை வாசலில் கழற்றினான். தலைத் துண்டை எடுத்து அக்குளில் செருகினான். உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேசைக்குப் பின்னால் அந்த வெள்ளைக்கார அம்மா. நல்ல முகம், நனைந்த சப்பாத்து. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு மெட்ராஸ் பெண். அந்த அம்மா எழுந்து நாற்காலியைக் காட்டினார். முத்தையா உட்காரவில்லை.

தோட்டத்தில் விடிந்ததும் எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். வெள்ளைக்காரத் துரையோ அவர் பெண்சாதி தொரசாணியோ ஏதாவது கேட்டால் பதில் ஒன்றுதான், ஆமாங்க. வேறு பதில் சொன்னவனுக்குப் பேர் வெட்டு. பேரை வெட்டிவிட்டால் வேலை இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. முத்தையா நாற்பது வருஷம் கவாத்துக் கத்தியோடு பெரட்டில் நின்றவன்.

சொந்த விருப்பத்தில்தான் திரும்பிப் போகிறீர்களா என்று அந்தப் பெண் தமிழில் கேட்டது.

"ஆமாங்க தொரசாணி."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். நான் பிள்ளையோடு உள்ளே போய்விட்டேன். குமாஸ்தா, நீ யார், வெளியே போ என்றார். அக்காக்காரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் போனேன்.

"தாயி, இவன்கிட்ட இன்னொரு கேள்வி கேளு. வெளிய நல்ல வெயில் அடிக்குதான்னு கேளு."

தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் விழித்தது. பிறகு அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னது. அம்மா, கேள் என்று தலையசைத்தார். கேட்டது.

"ஆமாங்க தொரசாணி" என்றான் முத்தையா.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். இதுவரைக்கும் எத்தனை கொட்டகையில் எத்தனை பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரோ, அதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிழவி வந்தாள், ஒரே கேள்வியில் கப்பலையே நிறுத்தினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா நியாயமான மனுஷி. இனி வீட்டுக்கு ஒரு பதில் கிடையாது, ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பேன் என்றார். முதலில் பாக்கியத்தைக் கூப்பிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். எழுதிக்கொண்டார்களாம். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி அதன் தலையை மோந்தாள். அடுத்தது முத்தையா. நான் முன்னால் இருந்தால் இவர் உண்மை சொல்லமாட்டார், நீங்களே கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார் அம்மா. மெட்ராஸ் பெண் மட்டும் கூட வந்தது.

கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒரு காலிப் பால் மாவு டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்து அவன் பீடி பற்ற வைத்தான். தீக்குச்சி நமத்துப்போய் மூன்று முறை உரசினான்.

"முத்தையா, இங்க தொரசாணி இல்ல. நான் கேக்குறேன். போறியா, இருக்கியா?"

"போறேன்க்கா."

"ஏண்டா மடையா, இன்னும் பெரட்டுலயா நிக்கிற?"

"இல்லக்கா. ரவி வருவான்."

ரவி அவன் மகன். பாக்கியத்துக்கு மூத்தவன். சண்டைக் காலத்தில் வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் வாங்கிவரச் சைக்கிளில் போனவன். போனதோடு சரி. சைக்கிள்கூடத் திரும்பவில்லை.

இத்தனை காலம் வராதவன் இனிமேல் வருவானா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வந்தான்னா கதவத் தட்டுவான். உள்ள ஆள் இருக்கணுமில்ல."

"குண்டு போட்டுக் கூரையே இல்லன்னு சொன்னாங்களேடா."

"அப்ப தட்ட வேண்டாம். நேரா உள்ள வந்திருவான்."

இந்த மாதிரிப் பேச்செல்லாம் என் பேச்சு. அவன் ஒருநாளும் பகடி பேசமாட்டான்.

அப்படியென்றால் பாக்கியம் என்ன செய்வாள் என்று கேட்டேன். அவள் வரமாட்டாள் என்று அவனுக்கு முதலிலேயே தெரியுமாம். அவள் சொல்லப் பயந்தாள், நான் கேட்கப் பயந்தேன், நல்லவேளை நீ வந்தாய் என்றான்.

மெட்ராஸ் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாட்டி, மேடம்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்று மெதுவாகக் கேட்டது.

யோசித்துப் பாருங்கள். இவன் "ஆமாம்" என்றால் அதற்கு மதிப்பில்லை என்று நானே எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டேன். இப்போது நான், இவனுக்குப் புத்தி சரியில்லை, இருக்கிறேன் என்றுதான் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா நம்பியிருப்பார். வாயில் வந்துவிட்டது. அதற்குள் முத்தையா பீடியை மழையில் எறிந்துவிட்டு எழுந்து உள்ளே போனான். செருப்பைக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நான் போறேன். மக இருக்கும்" என்றான். தொரசாணி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

அந்த அம்மா அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இது உண்மைப் பதிலா என்று அந்தப் பெண் கேட்டது.

"உண்மைதான் தாயி" என்றேன்.

பாக்கியத்திடம் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அப்பாவையும் சேத்து நிறுத்தத்தான் பெரியம்மா உங்கள வரச் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். தனித்தனியாகக் கேட்காமல் இருந்திருந்தால் மூன்று பேரும் ஒன்றாகப் போயிருப்பார்கள், அல்லது ஒன்றாக இருந்திருப்பார்கள். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

மாலை பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. இத்தலார்வரை தோளில் மழை. என்னைக் கப்பல் ஏற்றியபோது போகிறாயா, இருக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், ஏறினேன். அன்றைக்கு யாராவது நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் என் தங்கையை விட்டு வந்திருப்பேனா என்று ஊட்டிவரை யோசித்தேன். ஊட்டியில் கடைசிக் கோத்தகிரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடினேன். யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மணி, தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். போன காரியம் காயா பழமா என்று கேட்டாள். பாக்கியம் இங்கேயே இருக்கப்போகிறாள், அடுத்த மாசம் அனுமதி வாங்கிப் பிள்ளையோடு வருவாள் என்றேன். முத்தையா மட்டும் ஊருக்குப் போகிறான் என்றேன்.

"ஏனுங்க, அங்க தனியா என்ன பண்ணுவாரு?"

"தனியா இல்ல. மகன்கூட இருக்கப் போறான்."

"மகன் வரச் சொல்லிட்டாருங்களா?"

சொல்லிவிட்டான் என்றேன். வயசான காலத்தில் பெற்ற மகன் கையால் கஞ்சி குடிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள் அம்மணி. குழாயடியில் நின்ற மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். ஆமாம், கொடுத்து வைத்தவன்தான் என்று சொல்லிவிட்டு என் குடத்தைத் தூக்கிக்கொண்டேன்.