பிள்ளையார் சந்தியில் இரண்டு கைகள்

களுதாவளைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலைப் பஸ்ஸை வினாயகமூர்த்திதான் ஓட்டுகிறார். நல்ல சாரதி. குடித்துவிட்டு வண்டியில் ஏறியதில்லை. இன்னொரு பஸ்ஸோடு போட்டிக்கு ஓடியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கினால், கடைசிப் பிள்ளை றோட்டை விட்டு விலகும்வரை கியரைத் தொடமாட்டார். பின் சீற்றிலிருந்து யாராவது அவசரக்காரர் சத்தம் போட்டால், "தம்பி, அவ்வளவு அவசரமெண்டா நேத்தே வெளிக்கிட்டிருக்கணும்" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். சத்தம் போட்டவரும் சிரித்துவிட்டு அடங்குவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரேயொரு பழக்கம் இருந்தது. பிரதான வீதியிலிருந்து பிள்ளையார் கோயிலுக்குத் திரும்பும் சந்தி வந்ததும் ஸ்டேரிங்கை விட்டு இரண்டு கைகளையும் எடுப்பார். முகத்தைக் கோயில் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக் கும்பிடுவார். மற்றச் சாரதிமாரும் கோயிலைக் கண்டால் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் அவர்களின் ஒரு கை நெஞ்சுக்குப் போய் உடனே திரும்பிவிடும். இவருடையது முழுக் கும்பிடு. அவர் கும்பிட, பின்னால் இருக்கும் சனமும் கும்பிடும். "மூர்த்தியண்ணன்ட பஸ்ஸில ஏறினா அரைவாசிக் கோயிலுக்குப் போன மாதிரி" என்று ஊர்ப் பெண்கள் சொல்வதுண்டு. அந்த நேரம் பஸ்ஸை யார் ஓட்டுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பிள்ளையார் பிடித்துக்கொள்வார் என்றுதான் சொல்லியிருப்பார்.

கொண்டக்டர் ஹலீம் மட்டும் அந்த இடத்தில் டிக்கெட் கிழிக்கமாட்டார். காத்தான்குடிக்காரர், வினாயகமூர்த்தியோடு பல வருடமாக ஒரே பஸ்ஸில் நிற்பவர். சந்தி கிட்ட வந்தால் மேலே உள்ள கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே றோட்டைப் பார்ப்பார். தாண்டியதும் வேலையைத் தொடருவார். ஏன் என்று வினாயகமூர்த்தி கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இது வெறும் பழக்கமும் அல்ல, நேர்த்தி. மகள் தனுஷியா கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் ஓட்டை என்று டொக்டர்மார் சொன்னார்கள். பால் குடிக்கும்போதே பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கும். ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோன வான் இந்தச் சந்தியைத் தாண்டியபோது, மனைவி சீதேவிப்பிள்ளையின் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் கோயில் பக்கம் திரும்பினார். "அப்பனே, இவளைத் திருப்பித் தந்தியெண்டா, உன்னைத் தாண்டுற நேரமெல்லாம் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவன்" என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை திரும்பி வந்தாள். இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள், அவளுடைய வாய் நாலு வளவுக்குக் கேட்கும். அந்த வாயைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே குளிரும். கும்பிடு ஒரு நாளும் தப்பவில்லை.

இந்த நிலையில்தான் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் ஒரு மண்டபத்துக்குள் அந்த யந்திரம் வந்து இறங்கியது. பஸ்காரர் சங்கம் ஏற்பாடு செய்த பயிற்சி. பஸ்ஸின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி வைத்ததுபோல ஒரு கதிரை, ஸ்டேரிங், கிளச், பிரேக். முன்னால் மூன்று பெரிய திரைகள். வண்டி குலுங்கினால் கதிரையும் குலுங்கும். சாரதியின் கண்ணும் கையும் எங்கே போகின்றன என்று பார்க்க ஒரு சின்னக் கமரா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் காலைப் பஸ்களை, இதில் ஓடித் தேறியவர்கள்தான் இனி ஓட்டலாம் என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. சாரதிமார் அதற்குச் சினிமாப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டு, வரிசையில் நின்று பகிடி விட்டார்கள்.

யந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் ரிப்கா, ஏறாவூர்ப் பிள்ளை, பொறியியல் படித்தவள். வெளிநாட்டு வீதியைக் காட்டினால் நம் ஆட்களுக்கு ஒட்டாது என்று இவர்கள் ஓடும் கல்முனை வீதியையே படம் பிடித்து உள்ளே போட்டிருந்தாள். வினாயகமூர்த்தி ஏறி இருந்து வண்டியை எடுத்ததும் அசந்துபோனார்.

"மிஸ், இது எங்கட றோட்டெல்லோ! அந்தா, நான் தேத்தண்ணி குடிக்கிற கடை!"

"ஓம் அண்ணன். நீங்க எப்பவும் ஓடுற மாதிரியே ஓடுங்க, போதும்."

எப்போதும் ஓடுகிற மாதிரியே ஓடினார். மாடு குறுக்கே வந்தது, அடித்துப் பிடிக்காமல் மெதுவாக நிறுத்தினார். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் இடப்பக்கத்தால் புகுந்தான், வழி விட்டார். வரிசையில் நின்றவர்களின் பகிடி அடங்கிப் பாராட்டாக மாறியது. அவருக்கும் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. அப்போது திரையில் கோயில் சந்தி வந்தது.

கைகள் தாமாகவே எழுந்தன. கண் மூடியது. கதிரை ஒரு தரம் தூக்கிப்போட்டது.

கண்ணைத் திறந்தபோது திரை அசையாமல் நின்றது. றோட்டில் ஒரு சைக்கிள் சரிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை. முகம் தெளிவில்லாத, கணினியில் செய்த பிள்ளைதான். இரட்டைப் பின்னல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தனுஷியாவும் காலையில் இரட்டைப் பின்னல்தான் போடுவாள், அந்தச் சந்தியால்தான் சைக்கிளில் வருவாள்.

"பெயில்!" என்று பின்னால் ஒருவன் சொல்ல, உதயரூபன் என்ற சாரதி, "பிள்ளையார்ட்ட லைசன் இல்ல போல" என்றார். சிலர் சிரித்தார்கள். வினாயகமூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் உதயரூபனே வாயை மூடிக்கொண்டார்.

"கோயிலைக் கும்பிட்டது பிழையா மிஸ்?" என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இருந்தது. 'உனக்கு இது விளங்காது' என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை வெளியே விடாமல் விழுங்கியதற்காகப் பிறகு பல தடவை தனக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

"கும்பிட்டது பிழையெண்டு நான் சொல்லல்ல அண்ணன்" என்றாள் ரிப்கா. "எங்கட வாப்பா லொறி ஓடுறவர். எதிர்ல தெரிஞ்ச லொறி வந்தாக் கையத் தூக்கி, முகத்தத் திருப்பி ஸலாம் சொல்லாம விடமாட்டார். போன கிழமை அவரையும் இந்தக் கதிரையிலதான் இருத்தினன். அவரும் பெயில். வீட்ட போய் என்னோட கதைக்கவே இல்ல." பிறகு திரையைப் பின்னுக்கு ஓட்டிக் காட்டினாள். "நீங்க கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பஸ் எவ்வளவு தூரம் போயிருக்கு, பாருங்க."

பார்த்தார். மூன்று வீட்டு வேலி. மூன்று வீட்டு வேலி நீளத்துக்கு, நிறையச் சனத்தோடு, ஓட்டுவார் இல்லாமல் அவருடைய பஸ் போயிருந்தது. இவ்வளவு வருடமும் அப்படித்தான் போயிருக்கிறது.

"அதுக்கு முதல் பஸ்ஸ நிப்பாட்டிட்டுக் கும்பிட ஏலாதா?" என்று ரிப்கா கேட்டாள்.

"அந்த இடத்தில ஏலாது மிஸ். பின்னால லொறியள் ஒட்டிக்கொண்டு வரும். திடீரெண்டு நிப்பாட்டினா வந்து ஏறிருவான்."

இன்னொரு தரம் ஓடிப் பார்க்கச் சொன்னாள். இந்தத் தடவை ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்தார். சந்தி நெருங்கியது. கையை எடுக்காமல் தாண்டிவிடலாம், அதொன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் தாண்ட நினைத்ததும், நீலம் பாரித்த அந்தச் சின்ன உதடு கண்ணுக்குள் வந்து நின்றது. சந்திக்கு முன்னால் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, "என்னால ஏலா" என்று இறங்கிவிட்டார். யந்திரம்தான் என்றாலும் பிள்ளையாருக்குத் தெரியாதா என்ன?

"நாளைக்கு வாங்க அண்ணன்" என்றாள் ரிப்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

வாசலில் ஹலீம் காத்துக்கொண்டு நின்றார். இருவரும் கல்லடிப் பாலம்வரை நடந்தார்கள். வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்.

"ஹலீம், அந்த இடத்தில நீ ஏன் கம்பியப் பிடிக்கிறாய்?"

"பயத்தில அண்ணன். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில நான் சாகப்போறவன் மாதிரிக் கலிமா சொல்லுவன்."

"ஏன்டா எனக்குச் சொல்லல்ல?"

"புள்ளைக்காக வெச்ச நேர்த்தி எண்டு எனக்குத் தெரியும். அதை எப்பிடிச் சொல்லுற?"

வினாயகமூர்த்தி பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தன் பிள்ளைக்காக ஒரு மனிதன் தினம் தினம் சாகப் பயந்துகொண்டே தன் பக்கத்தில் நின்றிருக்கிறான். இது தெரியாமல், பிள்ளையார்தான் துணை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. சீதேவிப்பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலும் இல்ல. இஞ்சேருங்க, என்ன நடந்த?"

சொன்னார். திரையில் கண்டதைச் சொன்னார், இரட்டைப் பின்னலைச் சொன்னார். "கும்பிட்டா ஆர்ட புள்ளையோ சாகும். கும்பிடாட்டி..." என்று தொடங்கி மகள் இருந்த பக்கம் பார்த்தார், முடிக்கவில்லை. பெரிய மனிதர், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அழுதார்.

தனுஷியா வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தாள். அப்பா பக்திமான் என்று தெரியும். அந்தக் கும்பிடு தனக்காக என்று இன்றுதான் தெரிந்தது.

"எனக்காகவா அப்பா?"

"உனக்காகத்தான் மகள்."

அவளுடைய குரல் வழக்கம்போல உரத்து வந்தது. "அப்ப அது என்ட நேர்த்தி! என்ட உசிருக்கு வெச்சதை நான் செய்யக் கூடாதா? நீங்க பஸ்ஸில வாற நேரம் நான் அந்தச் சந்தியிலதானே நிக்கிறன். நீங்க ஸ்டேரிங்கப் பிடிங்க. நான் ரெண்டு கையாலயும் கும்பிடுறன்."

வினாயகமூர்த்தி மனைவியைப் பார்த்தார். "அப்பிடிச் செய்யலாமா?"

"ஏன் செய்யக் கூடாது?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "எங்கட அண்ணன் கனடாவில இருந்து நேர்ந்ததுக்கு இஞ்ச நான்தானே பொங்கிப் படைச்சன்? பிள்ளையார் வாங்க மாட்டனெண்டு சொன்னவரா? நேர்றது ஒராள், தீர்க்கிறது ஒராள். ஊர்ல நடக்காததா?"

அன்று பின்னேரமே மூவரும் கோயிலுக்குப் போனார்கள். வினாயகமூர்த்தி சுற்றி வளைக்காமல் நேரே சொன்னார்: "அப்பனே, இனி என்ட கை பஸ்ஸில இருக்கும். மகள்ட கை உனக்கு." பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் மகளுக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் சந்தியைத் தாண்டினார். யந்திரத்தில்தான். கை ஸ்டேரிங்கை விடவில்லை. அந்த வெள்ளைச் சீருடைப் பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வந்தாள். அவர் கண்டார், நிறுத்தினார். அவள் மறுபக்கம் போய்ச் சேரும்வரை, நிஜப் பிள்ளைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். ரிப்கா கைதட்டினாள். உதயரூபன் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார்.

ஆனால் யந்திரத்தில் தாண்டுவது ஒன்று, றோட்டில் தாண்டுவது இன்னொன்று. திங்கட்கிழமை காலை பஸ் நிறையப் பிள்ளைகள். பின்னால் ஒரு லொறி. சந்தி தெரிந்ததும் சனம் வழக்கம்போலக் கும்பிடத் தயாரானது. வினாயகமூர்த்தியின் விரல்கள் ஸ்டேரிங்கில் ஒருதரம் விரிந்து, மறுபடி மூடிக்கொண்டன. கோயில் பாதை ஓரமாக, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வெள்ளைச் சீருடை நிற்பது கடைக்கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் திரும்பி மகளின் கைகளை ஒருதரம் பார்த்தால் போதும் என்று மனம் அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. நேரே றோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மூன்று வீட்டு வேலி போனது.

ஹலீம் அன்று கம்பியைப் பிடிக்கவில்லை. மிதிபலகையில் நின்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, சாரதிக்குக் கேட்கும்படி சொன்னார்: "அண்ணன், புள்ள கும்பிட்டிட்டா."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்தான்."

வினாயகமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. கையை எடுத்துத் துடைக்க முடியாது. அடுத்த தரிப்பில் பஸ்ஸை நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் துடைத்தார். ஏறுகிறவர்கள் ஏறி முடிந்ததும் ஹலீம் பஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட் அண்ணன்."